ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

(தருமபுரியில் இளம் எழுத்தாளர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களுக்குக் கொடுத்திருக்கும் போட்டி விதிகளைப் பார்த்தேன். கதை ஐம்பத்தைந்து சொல்லுக்குள் முடிய வேண்டும். அறிவியல் புனைவாகவோ மிகைப்புனைவாகவோ இருக்கலாம். தீம், தண்ணீர். ஒரு வாரம் அவகாசம். ஐம்பத்தைந்து சொல்தானே, சாப்பாட்டு இடைவேளையில் எழுதிவிடலாம் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எழுதிவிடலாம். அந்தக் கதையைப் படிக்கப்போகும் நடுவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஐம்பத்தைந்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்று ஓர் ஊர். அங்கே 'நியூ டைம்ஸ்' வாரப் பத்திரிகையை நடத்திய ஸ்டீவ் மாஸ் 1987இல் இந்தப் போட்டியைத் தொடங்கினார். ஓர் இடம், ஒரு பாத்திரமாவது, ஒரு சிக்கல், ஒரு முடிவு, எல்லாம் ஐம்பத்தைந்து சொல்லுக்குள். தலைப்பு கணக்கில் சேராது, ஆனால் அது ஏழு சொல்லைத் தாண்டக் கூடாது. தமிழ் வாசகர்களுக்கு இந்த வடிவத்தை அறிமுகம் செய்தவர் சுஜாதா. அவருக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் பிடிக்கும். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர் அல்லவா? இடம் குறைவு என்றால் அவருக்கு உற்சாகம் கூடிவிடும்.

ஆனால் ஆங்கிலத்தின் ஐம்பத்தைந்தும் தமிழின் ஐம்பத்தைந்தும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லில் ஒட்டிச் சொல்லிவிடுகிறோம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரு சொல். எனவே தமிழில் உங்களுக்கு இடம் தாராளம். அந்தத் தாராளம் போதாது என்று, பிரிந்து நிற்க வேண்டிய சொற்களையும் இழுத்து ஒட்டிக் கணக்கைக் குறைப்பவர்கள் உண்டு. பத்துச் சொல்லை மிச்சம் பிடிக்கலாம். வாசகருக்கு மூச்சு முட்டும். கணக்கில் தப்பிக்கும் வழியைத் தேடுகிறவர் கதையில் எதை வெட்டலாம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று பொருள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சாதாரணச் சிறுகதையைச் சுருக்குவது ஒரு வேலை. புனைவுலகக் கதையைச் சுருக்குவது வேறு வேலை. மாமியார் மருமகள் கதையில் வீடு எப்படி இருக்கும், சமையலறை எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க் கிரகத்தில் கதை வைத்தீர்களானால் காற்று எங்கிருந்து வருகிறது, சோறு எப்படிக் கிடைக்கிறது, யார் ஆள்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கட்டி எழுப்ப வேண்டும். கட்டி முடிப்பதற்குள் நாற்பத்தெட்டுச் சொல் போய்விடும். மிச்சம் ஏழு சொல்லில் ஒருவன் செத்துப்போவான். குறுங்கதைப் போட்டிகளுக்கு வரும் செவ்வாய்க் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

வழி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாசகருக்கு அத்துப்படியான உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். மீதியை அப்படியே விட்டுவிடுங்கள். மாறாத மீதியைக் கட்டும் வேலையை வாசகரே செய்துகொள்வார், அதுவும் உங்களைவிட நன்றாக.

பிரெட்ரிக் பிரவுன் என்ற அமெரிக்கர் 1948இல் 'நாக்' என்று ஒரு கதை எழுதினார். தொடக்கத்திலேயே இரண்டே வாக்கியத்தில் ஒரு முழுக் கதையைச் சொல்லிவிடுகிறார். மனித இனத்தில் மிஞ்சிய ஒரே ஒருவனுடைய அறைக்கதவை யாரோ தட்டுகிறார்கள், அவ்வளவுதான். அறை நமக்குத் தெரியும், கதவு தெரியும், தட்டும் சத்தம் தெரியும். மாறியது ஒன்றே: வெளியே தட்டுவதற்கு ஆள் இல்லை. பிறகு பல பக்கங்களுக்குத் தட்டியது யார் என்று அவரே விளக்குகிறார். விளக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த இரண்டு வாக்கியம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது.

ஜப்பானில் ஹோஷி ஷினிச்சி என்று ஒருவர் இருந்தார். 1926இல் பிறந்து 1997இல் மறைந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கதைகள் எழுதியவர். அவர் கதையில் ஆட்களுக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது. 'என்' என்ற ஆங்கில எழுத்து மட்டும் ஒரு மனிதராக வந்து போகும். கதை நாளைக்குப் பழசாகிவிடக் கூடாது என்று ஊர், காலம் காட்டும் அடையாளங்களையும் தவிர்த்தார். பெரிய கலைஞர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்றாதீர்கள் என்பேன். ஊரைக் கழற்றிப்போட்டு எழுத ஹோஷியின் கை வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு ஊர்தான் மூலதனம். 'பாலக்கோடு தக்காளி மண்டி' என்று மூன்று சொல் எழுதினால் கூடை, லாரி, விலை சரிந்த நாளில் ரோட்டில் கொட்டிக் கிடக்கும் சிவப்பு, எல்லாம் இந்த அரங்கில் இருப்பவர்கள் மனசில் தானாக வந்துவிடும். மூன்று சொல்லில் இவ்வளவு வேறெங்கே கிடைக்கும்?

குறைந்த இடத்தில் கதை சொல்வது உங்கள் மண்ணுக்குப் புதிது இல்லை. இங்கே தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போகாதவர்கள் இருந்தால் நாளைக்கே போய் வாருங்கள். நடுகற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நடுகற்கள் நிறையக் கிடைத்த பகுதிகளில் இந்த மாவட்டமும் பக்கத்திலுள்ள செங்கம் பகுதியும் முக்கியமானவை. மாநிலத் தொல்லியல் துறை, நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1970களில், இவற்றைப் படியெடுத்துத் தொகுதிகளாகவே வெளியிட்டது. வட்டெழுத்தில் நாலு வரி இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், யாருடைய மாட்டு மந்தையைக் கவர வந்தார்கள், இவன் மீட்டான், பட்டான். முடிந்தது. வீரன் நல்லவன் என்று கல்லில் இல்லை. மனைவி அழுதாள் என்றும் இல்லை. பாறையில் ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டும். அழுகைக்கு எழுத்துச் செலவழிக்க வசதி கிடையாது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயரும் இருக்கிறது: கோவிவன். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. அதன்பின் நாய் என்ன ஆனது? கல்லில் இல்லை. எஜமான் இறந்தது அதற்குத் தெரிந்ததா? இல்லை. மாடுகள் வீடு திரும்பினவா? அதுவும் இல்லை. நாய்க்குப் பெயர் வெட்டியவன் அதன் குணத்தைப் பற்றி ஒரு சொல் வெட்டவில்லை. பெயரை வைத்தே நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. உங்கள் ஐம்பத்தைந்தில் எந்த ஒரு விவரத்துக்கு மட்டும் பெயர் கொடுப்பது என்று குழம்பும்போது கோவிவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுகல் உண்மைச் சம்பவம், புனைவு இல்லையே என்று கேட்பீர்கள். சரி, புனைவுக்கு வருவோம். அதுவும் இங்கேயே இருக்கிறது.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்து, பேச்சுப் போட்டியில் பேசி, அலுத்துப்போயிருப்பீர்கள். அதை ஒரு முறை நம் துறையின் கண்ணால் பாருங்கள். உலகம் எப்போதும்போல இருக்கிறது: அரசன், புலவர், மலை, மரம். மாறியிருப்பது ஒன்றே. தின்றவருக்குச் சாவைத் தள்ளிப்போடும் ஒரு கனி. அறிவியல் புனைவில் இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடையாது. புறநானூற்றின் தொண்ணூற்றோராவது பாட்டில் ஔவை சொல்வதைக் கவனியுங்கள். கனியின் மகிமையைத் தன் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அதியமான் அதைக் கொடுத்தான் என்கிறார். தின்ற பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. தகவலை யார் எப்போது அறிகிறார்கள் என்பதிலேயே கதை நிற்கிறது. மகிமையைச் சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா?

இதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பேச்சுப் போட்டியில் 'வள்ளல்' என்று முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அடுத்தது என்ன? சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரின்மேல், அதாவது இந்தத் தருமபுரியின்மேல், படையெடுத்து வருகிறான். கோட்டை விழுகிறது. அதியமான் சாகிறான். அவனுக்கு இரங்கல் பாடியவர் ஔவை, புறநானூற்றிலேயே அந்தப் பாட்டு இருக்கிறது, இருநூற்று முப்பத்தைந்தாவது. சாவாமல் இருப்பதற்கான கனியைத் தின்றவர், அதைக் கொடுத்தவன் சாவதைப் பார்த்துப் பாட வேண்டியிருந்தது. கனியின் உண்மையான விளைவு நீண்ட ஆயுள் இல்லை, இதுதான். இரண்டு பாட்டுக்கும் இடையே யாரும் எழுதாத ஒரு கதை கிடக்கிறது.

நான் சொல்ல வந்த இரண்டாவது விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. மாற்றிய அந்த ஒன்றைப் பற்றிக் கதை எழுதாதீர்கள். கனி எப்படி விளைந்தது, எந்த மலையில், என்ன வேதியியல் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அந்த மாற்றம் யார் தலையில் போய் விடிகிறது என்பதை எழுதுங்கள்.

இப்போது தீம்.

கொடுத்த பொருளுக்கு எழுதுவது மட்டமான வேலை, கலைஞன் தன் விருப்பத்துக்குத்தான் எழுத வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ்ப் புலவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம்மிடம் நூற்றாண்டுகளாக நடந்தது. காளமேகத்தைப் பற்றிய கதைகளில் பாதி இப்படிப்பட்ட சவால்கள்தான். செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்து, நடுவில் முருகனைப் பாடு என்றார்களாம். பாடினார். இந்தச் சவால்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொடுக்கிற ஈற்றடி பெரும்பாலும் அபத்தமாக இருக்கும், உலகத்தில் நடக்கவே நடக்காததாக இருக்கும். புலவர் முதல் மூன்று அடியில் ஓர் உலகத்தைக் கட்டுகிறார். அந்த உலகத்தில் அந்த அபத்தமான வரி உண்மையாகிவிடுகிறது. அறிவியல் புனைவு எழுதுகிறவரும் இதையேதான் செய்கிறார்.

அமெரிக்காவிலும் இதே விளையாட்டு நடந்தது. ஜான் கேம்பல் என்ற பத்திரிகை ஆசிரியர், நட்சத்திரங்கள் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறைதான் தெரியும் என்றால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை இருபத்தொரு வயது ஐசக் அசிமோவிடம் கொடுத்து எழுதச் சொன்னார். அது அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் கேள்வி, அவர் அதை வியந்து பக்தியோடு யோசித்திருந்தார். கேம்பல் பைத்தியம் பிடிக்கும் என்றார். 1941இல் 'நைட்ஃபால்' வந்தது. குறுங்கதை இல்லை, நீளமான கதைதான். ஆனால் கேள்வியைத் தந்தவரும் எழுதியவரும் எமர்சனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அதைத் தொட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

'தண்ணீர்' என்று தீம் கொடுத்தவுடன் மனசில் வருவதை நானே சொல்கிறேன். தண்ணீருக்காக மூன்றாம் உலகப்போர். கடைசிச் சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக் காட்டும் அருங்காட்சியகம். தாத்தா பேரனுக்கு மழை என்றால் என்னவென்று விளக்குவது. வேற்றுக்கிரகவாசி வந்து நம் கடலைக் குடித்துவிட்டுப் போவது. சிலர் குனிந்துகொள்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோருக்கும் முதலில் வருவது இவைதான். முதலில் வருவதை ஒரு தாளில் எழுதி அடித்துவிடுங்கள். பிறகு 'தண்ணீர்' என்ற சொல்லை மறந்துவிட்டு, உங்கள் வீட்டில் தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்த மாவட்டத்தில் தண்ணீர் செய்த ஒரு காரியம் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் தெரியும். இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் இருந்த போர்வெல் தண்ணீரையும் அடிபம்புத் தண்ணீரையும் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு விழுந்தது. நீண்ட காலம் குடித்த சிலருக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போயின. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாயில் வரத் தொடங்கியது.

இதிலிருந்து ஒரு கதை செய்து பார்த்தேன். படிக்கிறேன்.

வாசலில் வரிசை நின்றது. அதிகாரி ஒவ்வொரு வாயாகத் திறக்கச் சொன்னார். பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் இந்த மண்ணின் ஆள். புது ஊரில் வீடு உண்டு. பாட்டிக்கு முத்திரை விழுந்தது. அம்மாவுக்கும் விழுந்தது. மூன்று வயது மீனாவின் பற்கள் வெள்ளை. குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.
“அடுத்த கணக்கெடுப்பு எப்போங்க?”
“பத்து வருஷம் கழிச்சு.”
அன்று சாயங்காலம் அம்மா குழாயை இறுக்கி மூடினாள். பாட்டியின் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்கு நடந்தாள். மீனா பின்னாலேயே ஓடி வந்தாள்.

எண்ணிப் பாருங்கள், ஐம்பத்தைந்து. 'எடுத்துக்கொண்டு' என்பதை ஒன்றாகத்தான் எண்ணியிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கதை நல்லதா கெட்டதா என்பது உங்கள் தீர்ப்பு. அதன் உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். மாறியது ஒன்றே: நோயின் அடையாளம் உரிமையின் சான்றாகிவிட்டது. வரிசை, அதிகாரி, முத்திரை, கணக்கெடுப்பு எல்லாம் நீங்கள் நின்று பழகியவை. ஃபுளோரைடு என்ற சொல் இல்லை. எந்த ஆண்டு என்று இல்லை. மக்களை ஏன் புது ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் சொல்லவில்லை. அணையா, சுரங்கமா, வறட்சியா? நான் மனசில் ஒன்றை முடிவு செய்துதான் எழுதினேன். அதைக் கதைக்குள் விடவில்லை. தீர்மானிக்காமல் விடுவதும் தீர்மானித்துவிட்டு மறைப்பதும் ஒன்றல்ல. முதல் வகைக் கதையில் ஓட்டை தெரியும்.

மீனாவுக்கு ஏன் மூன்று வயது? இங்கேதான் அறிவியல் வேலை செய்கிறது. பல்லின் எனாமல் உருவாகும் பருவத்தில் குடித்த தண்ணீர்தான் கறையை ஏற்படுத்தும். நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். பெரியவர்கள் எவ்வளவு குடித்தாலும் புதிதாகப் பல்லில் கோடு விழாது. மீனாவுக்குப் பதினாறு வயது என்று வைத்திருந்தால் அந்தத் தாய் செய்தது வீண் வேலை, கதை பொய். மூன்று வயது என்றால் இப்போது தெரிவது பால் பல். அடுத்த கணக்கெடுப்பில் அவளுக்குப் பதின்மூன்று. பால் பல் எல்லாம் விழுந்து நிலைப்பல் வந்திருக்கும். தாய்க்கு இந்தக் கணக்கு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அது அவள் வாயிலேயே நடந்தது. உண்மையைச் சரிபார்த்தபோது கதை கொடூரமானது. புத்தகத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எழுதியிருந்தால் அந்தக் கொடூரம் எனக்குக் கிடைத்திருக்காது.

கடைசி வாக்கியம் எண்ணிக்கையை நிரப்ப வந்தது என்று யாராவது நினைக்கலாம். அதை எடுத்துவிட்டால் தாய் தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்பதோடு நின்றுவிடும். யார் குடிக்கப்போகிறார்கள் என்பதை அந்த நாலு சொல்தான் சொல்கிறது. அங்கே 'ஐயோ' என்றோ 'விதி' என்றோ ஒன்றைச் சேர்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. கல் வெட்டியவனை நினைத்துக்கொண்டேன்.

முடிவைப் பற்றிப் பேச வந்துவிட்டோம். நம் வார இதழ்களின் ஒரு பக்கக் கதை நமக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது: கடைசி வரியில் திருப்பம். குமுதம் வளர்த்த வாசகர் கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது, எனக்கும் பிடிக்கும். ஒரு பக்கக் கதையை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேருந்தில் நின்றுகொண்டே படிக்க முடிகிற இலக்கியம் அது. ஆனால் அறிவியல் புனைவில் அந்தப் பழக்கம் நாலைந்து அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. இவ்வளவு நேரம் பேசியது மனிதன் இல்லை, ரோபோ. நடந்ததெல்லாம் கனவு. அவர்கள் வந்திறங்கிய புதுக் கிரகத்தின் பெயர் பூமி. கணவன் மனைவி இருவருமே இயந்திரம். இந்த நான்கையும் எழுதியே தீர வேண்டும் என்றால் எழுதுங்கள், போட்டிக்கு அனுப்பாதீர்கள். வாசகர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டு, நீங்கள் சொல்லும்வரை மரியாதைக்காகக் காத்திருப்பார்.

திருப்பத்துக்குப் பதிலாக என்ன? ஒரு செயல். தாய் குழாயை மூடுகிறாள். மாறிய உலகத்தில் ஒரு மனிதர் நியாயமாகச் செய்யக்கூடிய ஒன்றைச் செய்கிறார். நமக்கு அது தாங்கவில்லை. ஆச்சரியம் தகவலில் இல்லை, அந்தச் செயல் நியாயமாகத் தெரிவதில் இருக்கிறது.

கரு கிடைக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தொப்பூர் கணவாய் இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்கும் லாரிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஓட்டுநர் இல்லாத லாரி வந்துவிட்டது, நல்ல ஓட்டுநர்களின் பழக்கத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது என்று தொடங்குங்கள், தொப்பூர் இறக்கத்தில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் ஊரில் கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். அங்கே ஒன்றை மாற்றுங்கள். அதியமான் தோற்ற அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்ற நூலே தொலைந்துபோய்விட்டது, மற்ற நூல்கள் எடுத்தாண்ட சில பாட்டுகள் மட்டும் மிஞ்சின. அந்த மிச்சத்திலிருந்து ஓர் இயந்திரம் முழு நூலையும் எழுதிக் கொடுத்தால், அதில் தோற்றது யாராக இருப்பார்?

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. பெண் சிசுக்கொலை நடந்த ஊர்களும் இங்கே உண்டு. இவற்றை எழுதக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பத்தைந்து சொல்லில், பரிசுக்காக, சாமர்த்தியமாக எழுதும்போது அந்த வலி ஒரு தந்திரமாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. எழுதினால் பத்திரிகைக்கு அனுப்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டும் துணிச்சல் உங்களுக்கு இருக்க வேண்டும். என் பல் கதையையும் அந்தக் கோடு உள்ளவர்கள் இருவரிடம் படித்துக் காட்டினேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், அதிகாரி இன்னும் கடுமையாகப் பேச வேண்டும் என்றார்.

மொழியைப் பற்றி ஒன்று. அறிவியல் கதை என்றவுடன் நம் ஆட்கள் 'நுண்ணலைப் பரவெளிக் கடத்தி' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சுஜாதா அப்படி எழுதவில்லை. 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் நம் வீட்டுப் பையனைப் போலப் பேசியதால்தான் அது இன்றைக்கும் நிற்கிறது. வேறு பாதையும் உண்டு. ஜெயமோகன் 1990களில் இந்த ஊரில்தான், தொலைபேசித் துறையில், வேலை பார்த்தார். அவருடைய 'விசும்பு' தொகுப்புக் கதைகள் ராக்கெட்டைத் தேடிப் போகவில்லை, சித்த மருத்துவத்தையும் ரசவாதத்தையும் போன்ற நம் பழைய அறிவுகளை எடுத்துக்கொண்டு, அவை உண்மையென்றால் என்று கேட்டன. அவை நீளமான கதைகள். நீங்கள் எழுதப்போகும் ஐம்பத்தைந்தில் அவ்வளவு வாதம் கொள்ளாது. ஆனால் கேள்வி கேட்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். 'அரூ' போன்ற இதழ்கள் 2019இலிருந்து அறிவியல் சிறுகதைப் போட்டிகளை நடத்தியிருக்கின்றன, அந்தக் கதைகளையும் படியுங்கள். எதை யார் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்பது தெரிய வேண்டும்.

கடைசியாகத் தலைப்பு. கணக்கில் சேராத ஏழு சொல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று முதலில் சொன்னேன். அதை வீணாக்குபவர்களே அதிகம். தீமின் பெயரையே தலைப்பாக வைத்து 'தண்ணீர்', 'நீரின்றி' என்று அனுப்புவார்கள். நடுவர் மேஜையில் ஒரே பெயரில் ஒரு கட்டு சேரும். கதையின் முடிச்சைத் தலைப்பிலேயே அவிழ்ப்பவர்களும் உண்டு. மீனாவின் கதைக்குப் 'பழுப்புப் பல்' என்று வைத்தால் மூன்றாம் வாக்கியத்துக்கு வேலையே இல்லை. கதைக்குள் நுழையாத, ஆனால் கதை நடக்கக் காரணமான ஒன்றைத் தலைப்பில் வையுங்கள். அந்தக் கதைக்கு நான் வைத்த தலைப்பு 'இருப்பிடச் சான்றிதழ்'. தாலுகா அலுவலகத்தில் அதற்காக ஒரு முறை நின்றவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம், அதிகாரி எந்தக் குரலில் பேசுவார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் கைகாட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கதையோடு வந்திருப்பவர்கள் முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் படியுங்கள்.